பழைய விதைகளை நடலாமா? திருகோணமலை வீட்டுத்தோட்டத்துக்கு ஒரு முளைப்புச் சோதனை வழிகாட்டி

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மரக்கறி விலை கைக்கெட்டாமல் போனபோது, அரசாங்க ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று வெள்ளிக்கிழமைகளில் விடுமுறைகூட வழங்கப்பட்டது. அந்த நாட்களில் வாங்கியும் கேட்டும் சேர்த்த விதைகளில் ஒரு பகுதி இன்னமும் நமது வீடுகளின் அலுமாரித் தட்டுகளிலும் சமையலறை லாச்சிகளிலும் கிடக்கிறது. வாய் வெட்டி இறப்பர் வளையம் போட்ட பக்கற்றுகள், பால்மா ரின்னுக்குள் போட்டு மறந்த பயிற்றை விதைகள், பெயர் எழுதாத கடதாசிச் சரைகள் என்று அவை பல விதமாக இருக்கும். புரட்டாதி பிறந்து மழைக்குக் கொத்தத் தொடங்கும்போதுதான் அவை வெளியே வருகின்றன. புதிதாகத் தோட்டம் தொடங்குபவர் அவற்றை அப்படியே மண்ணில் போட்டுவிடுகிறார், அல்லது திகதி கடந்துவிட்டதென்று குப்பையில் கொட்டிவிடுகிறார். இரண்டுமே சரியல்ல. ஓர் ஈரத்துணியும் ஓரிரு கிழமை அவகாசமும் இருந்தால், எந்த விதை நடத் தகுந்தது, எது தகாதது என்பதை நாமே கண்டறிந்துகொள்ளலாம்.

ஏன் முதலிலேயே சோதிக்க வேண்டும்

திருகோணமலை உலர் வலய மாவட்டம். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையிலான வடகீழ்ப் பருவக்காற்றுடன் வருகிறது. நிலாவெளி, குச்சவெளி, சாம்பல்தீவு போன்ற கரையோர மணல் நிலங்களிலும், தம்பலகாமம், கந்தளாய் பக்கத்து மேட்டு வளவுகளிலும், கிணற்று நீரை இறைத்து ஊற்றாமல் மரக்கறி வளர்க்கக்கூடிய காலம் இந்தச் சில மாதங்களே. ஐப்பசி முதல் மழையோடு வெண்டி விதையைக் குழியில் போட்டு, அது முளைக்குமென்று பத்துப் பன்னிரண்டு நாட்கள் காத்திருந்து, முளைக்காததைக் கண்டு கடைக்குப் போய் வேறு விதை வாங்கி மீண்டும் போடும்போது கார்த்திகை அடைமழை தொடங்கிவிடும். அந்த மழையில் இளநாற்று அழுகும், அல்லது மண் இறுகி முளை வெளிவராது. செத்த விதையால் நாம் இழப்பது அதன் விலையை அல்ல, ஒரு பருவத்தை. ஆகவே ஆவணிக் கடைசியிலோ புரட்டாதி முற்பகுதியிலோ சோதனையை முடித்துவிட்டால், புது விதை தேட வேண்டியிருந்தாலும் அதற்கு நாள் மிஞ்சும்.

விதை எப்படி முதுமையடைகிறது

காய்ந்த விதை உயிரற்ற பொருளல்ல. அதற்குள் ஒரு சிறு கரு, தன் உணவை மிக மெதுவாகச் செலவழித்தபடி உறங்கிக்கொண்டிருக்கிறது. வெக்கையும் ஈரப்பதனும் அந்தச் செலவை விரைவுபடுத்துகின்றன; கலச்சவ்வுகள் சிதைகின்றன, எண்ணெய்ச்சத்து கெடுகிறது, முளைப்பதற்கு வேண்டிய நொதியங்கள் வலுவிழக்கின்றன. இதனை அளந்து சொல்லும் ஓர் எளிய விதி விதையியலில் உண்டு. அதனை வகுத்த அமெரிக்க விதையியலாளரின் பெயரால் அது ஹாரிங்டன் விதி எனப்படும். விதையின் ஈரப்பதன் 1 வீதம் குறையும்தோறும் அதன் ஆயுள் இரட்டிக்கும். சேமிக்கும் இடத்தின் வெப்பநிலை 5 பாகை செல்சியஸ் குறையும்தோறும் ஆயுள் மறுபடியும் இரட்டிக்கும். ஈரப்பதன் 5 முதல் 14 வீதம் வரையான எல்லைக்குள் இந்த விதி பொருந்தும். எல்லாப் பயிருக்கும் துல்லியமாகப் பொருந்தும் கணக்கு இது அல்ல என்றாலும், திசையைச் சரியாகக் காட்டுகிறது.

இதனை நமது வீட்டில் வைத்துப் பார்ப்போம். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று வீசும் காலத்தில் இங்கே பகல் வெப்பநிலை 33, 34 பாகைக்குச் செல்வது வழமை. தகரக் கூரையின் கீழ் அதற்கும் மேலே செல்லும். சராசரியாக 30 பாகையில் இருக்கும் ஓர் அலுமாரியையும், 5 பாகையில் இருக்கும் குளிர்சாதனப் பெட்டியையும் ஒப்பிட்டால் இடையே 25 பாகை வேறுபாடு உள்ளது, அதாவது ஐந்து இரட்டிப்புகள். விதியின்படி, ஒரே அளவு காய்ந்த ஒரே விதை, குளிர்சாதனப் பெட்டியில் ஏறத்தாழ 32 மடங்கு காலம் உயிரோடிருக்கும். அலுமாரியில் ஓராண்டில் செத்துப்போகும் வெங்காய விதை குளிரில் பல ஆண்டுகள் தாக்குப்பிடிப்பதன் காரணம் இதுதான். நோர்வேயின் சுவால்பார்ட்டில் 2008 இல் திறக்கப்பட்ட உலக விதைக் காப்பகம் மறை 18 பாகையில் இயங்குவதற்கும், 1988 இல் கன்னொறுவையில் நிறுவப்பட்ட நமது தாவர மரபணு வள நிலையம் விதைகளை உலர்த்திக் குளிரில் வைப்பதற்கும் அடிப்படை ஒன்றே.

ஆகவே பழைய விதையைக் கையில் எடுக்கும்போது, எத்தனை வயது என்று கேட்பதற்கு முன்னர், அந்த வயதை அது எங்கே கழித்தது என்று கேட்க வேண்டும். பக்கற்றில் அச்சிட்ட திகதி, வாய் திறவாத பொதி குளிர்ந்த உலர்ந்த இடத்தில் இருந்தால் என்ற நிபந்தனையுடன் கூடியது. அடுப்படித் தட்டில் திறந்தபடி கிடந்த பக்கற்றின் திகதி இன்னும் ஓராண்டு இருந்தாலும் அதனை நான் நம்ப மாட்டேன். இறுக மூடிய போத்தலில் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்த தக்காளி விதை திகதி கடந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தாலும் சோதித்துப் பார்க்காமல் எறியவும் மாட்டேன்.

பயிருக்குப் பயிர் வேறுபாடு

சேமிப்பு ஒரே மாதிரியாக இருந்தாலும் எல்லா விதைகளும் ஒரே வேகத்தில் முதுமையடைவதில்லை. மிகக் குறுகிய ஆயுள் கொண்டது வெங்காயம்; லீக்ஸும் அப்படியே. நமது கரையோரத்தில் சின்ன வெங்காயத்தைப் பெரும்பாலும் குமிழ் நட்டு வளர்ப்பதால் இந்தச் சிக்கல் தெரிவதில்லை. ஆனால் பெரிய வெங்காயத்துக்கோ உண்மை விதையிலிருந்து எடுக்கும் சின்ன வெங்காயத்துக்கோ கறுப்பு விதை வைத்திருப்பவர்கள், சென்ற ஆண்டு விதையைக்கூடச் சோதிக்காமல் தவறணையில் (நாற்றுமேடையில்) போடக்கூடாது. சோளன், வெண்டி, மிளகாய் ஆகியன ஓரளவு குறுகிய ஆயுளின. நல்ல சேமிப்பில் இரண்டு ஆண்டுகள் நம்பலாம். பயிற்றை, கௌபி, போஞ்சி, கரட் மூன்று ஆண்டுகள் அளவில் நிற்கும். கத்தரி, தக்காளி, முள்ளங்கி, கோவா, பூசணி ஆகியவை நான்கு ஆண்டுகளையும், வெள்ளரி ஐந்து ஆண்டுகளையும் எட்டக்கூடியவை. இவை குளிர்ந்து உலர்ந்த சேமிப்புக்கான கணக்குகள். நமது வெக்கையில் திறந்து கிடந்த விதைக்கு இவற்றில் பாதியைக்கூட எதிர்பார்க்க முடியாது.

இன்னொரு வகை விதைகளும் உண்டு. பலா, மா, றம்புட்டான், கறிவேப்பிலை ஆகியவற்றின் விதைகள் உலர்ந்தால் செத்துவிடும். அவற்றைச் சேமிக்கும் பேச்சுக்கே இடமில்லை. பழத்திலிருந்து எடுத்தவுடன் நட வேண்டும். கடதாசிச் சரையில் காய்ந்து சுருங்கிக் கிடக்கும் கறிவேப்பிலை விதையைச் சோதிக்கவும் தேவையில்லை. வேப்பம் விதையும் சில மாதங்களுக்கு மேல் நிற்பதில்லை.

முதற்படி: கொட்டி, பிரித்து, பார்த்தல்

வீட்டிலுள்ள எல்லா விதைகளையும் ஒருநாள் காலையில் எடுத்து, பயிர் வாரியாகப் பிரித்து வையுங்கள். ஒவ்வொரு சரையிலும் பயிரின் பெயர், தெரிந்தால் இனத்தின் பெயர், ஆண்டு, எங்கே இருந்தது என்பவற்றை எழுதுங்கள். பக்கற்று இருந்தால் எறிய வேண்டாம். அதில் பொதியிட்ட திகதியும் முளைத்திறன் வீதமும் இருக்கக்கூடும், அத்துடன் கலப்பின விதையா, சாதாரண விதையா என்பதும் தெரியும். வெண்டியில் ஹரித, கத்தரியில் திருநெல்வேலி ஊதா, மிளகாயில் எம்.ஐ. 2 போன்ற விவசாயத் திணைக்கள இனங்களென்றால், அவற்றிலிருந்து நீங்களே அடுத்த பருவத்துக்கு விதை எடுக்கலாம். கலப்பினமென்றால் பழைய விதை முளைத்து நன்றாகவே காய்க்கும். ஆனால் அந்தக் காயிலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடியைப் போல வராது.

இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் என்று வண்ணம் பூசப்பட்ட விதைகள் பூஞ்சணக்கொல்லி தடவப்பட்டவை. அவற்றை வெறுங்கையால் தொட வேண்டாம், சமையற் பாத்திரத்தில் ஊறவிடவும் வேண்டாம். சோதனையில் தோற்றுப்போனால் கோழிக்குப் போடவே கூடாது. பிள்ளைகளுக்கும் கோழிகளுக்கும் எட்டாத இடத்தில் ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

பிறகு வெளிச்சத்தில் வைத்து உற்றுப் பாருங்கள். மிளகாய் விதை புதிதாக இருக்கும்போது வைக்கோல் நிறத்தில் இருக்கும். முதுமையில் விளிம்பிலிருந்து பழுப்பேறும், ஈரம் பட்டதென்றால் முழுவதும் கருகினாற்போலத் தோன்றும். பூசணி, பாகல், புடோல் விதைகளை விரலால் அழுத்தினால், உள்ளே பருப்பு இல்லாதவை பொக்கென்று அமுங்கிவிடும். பயிற்றையிலும் கௌபியிலும் ஊசித்துளை போன்ற வட்ட ஓட்டை இருந்தால் வண்டு உள்ளேயிருந்து தின்றுவிட்டு வெளியேறியிருக்கிறது என்று பொருள். ஓட்டையுள்ளவற்றை நீக்குங்கள், மிச்சத்தை மூடிய போத்தலில் இட்டுச் சில நாட்கள் உறைபெட்டியில் வைத்தால் உள்ளே இருக்கும் புழுவும் முட்டையும் அழியும். அதற்கு முன்னர் விதை நன்கு காய்ந்திருக்க வேண்டும். கச்சான் போன்ற எண்ணெய் வித்துகளில் சிக்கு வாடை வீசினால் சோதனைக்கு வேலை இல்லை. எனினும் கண் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. உயிருள்ள வெங்காய விதையும் செத்த வெங்காய விதையும் ஒரே கறுப்பு, ஒரே மினுக்கம்.

தண்ணீரில் போட்டு மிதப்பவற்றை எறிவது பலர் செய்யும் சோதனை. பூசணி இனங்களில் பொக்கு விதையைப் பிரிக்க அது ஓரளவு உதவும். மிளகாய், கத்தரி போன்ற மெல்லிய விதைகளில் மேற்பரப்பில் ஒட்டும் காற்றே அவற்றை மிதக்க வைக்கும். தாழ்ந்தது உயிருள்ளது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அதைவிடப் பெரிய குறை, முழு விதையும் நனைந்துவிடுவதால் அன்றே நட்டாக வேண்டும் என்பது. அந்தச் சோதனையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாம் படி: ஈரத்துணிச் சோதனை

பழைய வெள்ளைப் பருத்தித் துணி ஒன்றைக் கொதிநீரில் போட்டெடுத்து, ஆறியதும் முறுக்கிப் பிழியுங்கள். கையில் அழுத்தினால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் சொட்டு விழக்கூடாது. புதியவர்களின் சோதனை பிழைப்பது பெரும்பாலும் இந்த இடத்திலேதான்: துணி தோய்ந்திருந்தால் விதைக்கு மூச்சுவிடக் காற்றுக் கிடைக்காது, உயிருள்ளதும் அழுகிப் போகும்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். கரையோரக் கிணறுகள் பலவற்றில், அதிலும் மழைக்கு முந்திய மாதங்களில், நீர் உவர்ப்பாக இருக்கிறது. உப்பு, விதை நீர் உறிஞ்சுவதைத் தடுக்கும். வெங்காயம், போஞ்சி, மிளகாய் போன்றவை அதை மிகவும் உணரும். உவர்நீரில் நனைத்த துணியில் நல்ல விதையும் முளைக்காமல் நின்றுவிட, நீங்கள் அதனைச் செத்ததென்று தீர்மானித்துவிடுவீர்கள். வீட்டில் குடிக்க எடுக்கும் நீரையே சோதனைக்கும் பயன்படுத்துங்கள்.

விதைகளை ஒன்றையொன்று தொடாதபடி துணியின் ஒரு பாதியில் வரிசையாகப் பரப்பி, மறு பாதியால் மூடி, மெதுவாகச் சுருட்டுங்கள். சுருளில் பயிரின் பெயரும் தொடங்கிய திகதியும் எழுதிய துண்டைச் செருகி, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம். வெயில் படாத, அடுப்புக்கு அருகில் இல்லாத இடம் போதும். நமது அறை வெப்பநிலையே பெரும்பாலான மரக்கறி விதைகளுக்கு ஏற்றது. சலாது மட்டும் விதிவிலக்கு: 30 பாகையை அண்மித்த வெக்கையில் அதன் விதை உறக்கத்துக்குள் போய்விடும், ஆகவே அதனை வீட்டின் மிகக் குளிர்ந்த மூலையில் வைத்துச் சோதிக்க வேண்டும்.

எத்தனை விதை வைப்பது? கையில் நிறைய இருந்தால் 20 அல்லது 25 வையுங்கள். பொறுக்கி எடுக்காமல், கை போன போக்கில் எடுக்க வேண்டும். பத்து விதையில் ஏழு முளைத்தால் அந்தச் சரையின் உண்மையான முளைத்திறன் 50 வீதமாகவும் இருக்கலாம், 85 வீதமாகவும் இருக்கலாம். எண்ணிக்கை கூடக் கூடத்தான் விடை உறுதிப்படும். பன்னாட்டு விதைச் சோதனை முறையில் 400 விதைகள் வைக்கப்படுவது இதனாலேயே. நமக்கு அவ்வளவு துல்லியம் தேவையில்லை, ஆனால் ஐந்து விதை வைத்துவிட்டு முடிவெடுப்பது கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொல்வதாகும். மொத்தமே 15 விதை உள்ள அரிய இனமென்றால் துணிச் சோதனையே வேண்டாம். நேரே நாற்றுச் சட்டியில் நட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு காலையும் சுருளைத் திறந்து பாருங்கள். காற்றுப் படவும் இது உதவும். பூசணம் பிடித்த விதையை உடனே அகற்றுங்கள், இல்லையேல் அது பக்கத்து விதைக்கும் பரவும். கௌபியும் பயிற்றையும் முள்ளங்கியும் மூன்று நான்கு நாட்களில் முளை காட்டும். வெண்டிக்கு நான்கு முதல் ஏழு நாட்கள், தக்காளிக்கு ஐந்து முதல் எட்டு, கத்தரிக்கும் பாகலுக்கும் ஒரு கிழமையை ஒட்டி, மிளகாய்க்கு இரண்டு கிழமை வரை பொறுக்க வேண்டும்.

மூன்றாம் படி: எண்ணிக்கையை வாசித்தல்

விதை வெடித்து வெள்ளைப் புள்ளி தெரிந்தவுடன் அதனை முளைத்ததாக எண்ணிவிடக்கூடாது. முதுமையடைந்த விதைகள் பல, கடைசி மூச்சில் வேர்நுனியை வெளித்தள்ளிவிட்டு அங்கேயே நின்றுவிடும். வேர் குறைந்தது ஒரு விரல் நகத்தளவு நீண்டு, வெள்ளையாக, நுனி கூராக இருக்க வேண்டும். அதன் பின் தண்டும் நிமிரத் தொடங்க வேண்டும். வேர்நுனி பழுப்பேறியவை, தண்டு மட்டும் வந்து வேர் வராதவை, முறுக்கிக்கொண்டு வீங்கியவை ஆகியவற்றை முளைக்காதவற்றோடு சேர்த்து எண்ணுங்கள்.

வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல வெண்டி விதைகளை ஓர் இரவு ஊறவிட்டுத் துணியில் வைத்தால், சாம்பற் பச்சைத் தோல் தடித்து மென்மையாகி, மூன்றாம் நான்காம் நாட்களில் பெரும்பாலானவை ஒன்றாகவே வெள்ளை வேரை நீட்டும். பழைய விதைகளில் இரண்டு இன்றைக்கும், ஒன்று நாளைக்கும், இன்னும் இரண்டு ஒன்பதாம் நாளிலும் என்று இழுபடும். எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் இரண்டாவது சரையின் வீரியம் குறைந்துவிட்டது. துணிக்குள் எட்டாம் நாள் முளைத்த விதை, ஐப்பசி மழையில் குளிர்ந்து இறுகிய மண்ணைப் பிளந்துகொண்டு வர மாட்டாது.

முளைக்காதது எல்லாம் செத்ததும் அல்ல. பத்து நாள் கழிந்தும் கல்லுப் போலக் கெட்டியாக, ஊதாமல் இருக்கும் வெண்டி, சிறகவரை, பாகல் விதைகள் தோல் தடித்ததால் நீர் உட்புகாமல் இருக்கலாம். மண்ணரத்தாளில் ஒருபக்கத்தை மெல்ல உரசி, அல்லது பாகல் விதையின் நுனியை நகவெட்டியால் சிறிது கிள்ளி, மறுபடி ஈரத்துணியில் வையுங்கள். அழுத்தினால் நசிந்து சேறு போல வெளிவருவது மட்டுமே உறுதியாகச் செத்தது.

முளைத்தவற்றை வீணாக்க வேண்டாம். வேர் நீண்டு துணியில் பின்னிக்கொள்வதற்கு முன்னர், ஈர்க்கு நுனியால் மெதுவாகத் தூக்கி நாற்றுச் சட்டியில் வேர் கீழ்நோக்க வைத்து மூடிவிடலாம்.

நான்காம் படி: முடிவெடுத்தல்

நூற்றுக்கு 80 அல்லது அதற்கு மேல் முளைத்தால் அதனைப் புது விதையாகவே நடத்துங்கள். 50 முதல் 80 வரை வந்தால் நடலாம், கூடுதலாகப் போட வேண்டும். அதற்குக் கீழே 30 வரை வருபவற்றை நேரே பாத்தியில் விதைக்காமல் தவறணையிலோ சட்டியிலோ முளைக்கவைத்து நல்ல நாற்றுகளை மாத்திரம் எடுத்து நடுங்கள். 30 வீதத்துக்கும் குறைந்தால், கடையில் கிடைக்கும் சாதாரண இனமென்றால் விட்டுவிடுங்கள். இந்த எல்லைகள் எனது கணிப்பு. கீரை போன்று கைநிறையத் தூவும் விதைக்கு இன்னும் தளர்வாகவும், இடம் குறைந்த வளவில் குழிக்கொன்றாக நடும் பயிருக்கு இன்னும் இறுக்கமாகவும் அவற்றை எடுத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு கூடுதலாகப் போடுவது என்பதற்குக் கணக்கு உண்டு. வெண்டியின் முளைத்திறன் 60 வீதமென்று வையுங்கள். குழிக்கு ஒரு விதை போட்டால் நூறு குழியில் 40 வெறுமையாகும். இரண்டு போட்டால் 16 வெறுமையாகும், மூன்று போட்டால் 6 அல்லது 7 மாத்திரமே. தவறணைக்கென்றால் வேறு விதமாகக் கணக்கிட வேண்டும்: உங்களுக்கு 40 மிளகாய்க் கன்றுகள் வேண்டும், முளைத்திறன் 50 வீதம், முளைத்தவற்றில் பத்துக்கு எட்டுத்தான் நடும் பருவம் வரை நிற்கும் என்றால், 100 விதை போட வேண்டும். மிளகாய் விதை ஒரு கிராமிலேயே நூற்றுக்கு மேல் இருக்குமாதலால் அது பெரிய செலவல்ல.

ஐந்தாம் படி: பழைய விதைக்கு ஏற்ற விதைப்பு

வீரியம் குறைந்த விதைக்கு முதல் பத்து நாட்களில் தாய் வீட்டுச் சலுகை வேண்டும். தும்புத்தூளும் நன்கு மக்கிய கூட்டெருவும் மணலும் கலந்த இலேசான கலவையில், விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் மாத்திரம் போடுங்கள். பழைய விதைக்குள் மிஞ்சியிருக்கும் உணவு குறைவு. ஆழத்தில் புதைத்தால் மேலே வருமுன் அது தீர்ந்துவிடும். நாற்றழுகலைத் தவிர்க்கத் தவறணை மண்ணின் மேல் வைக்கோலும் உமியும் பரப்பி எரிப்பது நம்மவர் செய்துவரும் நல்ல வழக்கம். சட்டியென்றால் கொதிநீர் ஊற்றி ஆறவிட்டுப் பயன்படுத்தலாம். மழைத்தாரை நேரே விழாதபடி மேலே கிடுகு அல்லது பொலித்தீன் பந்தல் தேவை.

வெண்டி, பாகல், பூசணி விதைகளை இரவு ஊறவிட்டு நடலாம். ஆனால் பழைய பயிற்றை, கௌபி, போஞ்சி விதைகளைத் தண்ணீரில் அமிழ்த்தி வைக்காதீர்கள். முதுமையடைந்த அவரையின விதை வேகமாக நீரை உறிஞ்சும்போது அதன் கலங்கள் கிழிந்து உள்ளிருக்கும் சத்து வெளியே வழிந்துவிடும். ஊறவிட்ட நீர் கலங்கி நுரைப்பது அதனால்தான். அவற்றை ஈரத்துணியில் ஓர் இரவு வைத்து மெல்ல ஈரமேற்றிய பின்னர் நடுவதே சரி.

விதைத்த பின் எறும்பைக் கவனியுங்கள். நமது மணல் வளவுகளில் கீரை விதையை எறும்பு ஒரே இரவில் வரிசை கட்டிக் கொண்டுபோய்விடும், நாம் விதையைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். துணியில் நன்கு முளைத்த விதை பாத்தியில் வரவில்லையென்றால், வயதைக் குற்றம் சாட்டுவதற்கு முன் ஆழம், எறும்பு, உவர்நீர் ஆகிய மூன்றையும் பாருங்கள்.

மிஞ்சிய விதையை வைத்தல்

சோதனையில் தேறிய மிச்ச விதையை மறுபடி அதே லாச்சியில் போட்டால் அடுத்த ஆண்டு அது தேறாது. முதலில் நிழலில், காற்றோட்டமான இடத்தில், துணியில் பரப்பிக் காயவிடுங்கள். மத்தியான வெயிலில் சீமெந்து முற்றத்தில் பரப்புவது கருவை அவித்துவிடும். பூசணி விதையை வளைத்தால் மடியாமல் முறிய வேண்டும். பயிற்றை விதையைக் கடித்தால் பற்குறி பதியாமல் உடைய வேண்டும்.

மழைக்காலக் காற்றில் இவ்வளவு காய்வது கடினம். அதற்கு நமது சமையலறையிலேயே வழி இருக்கிறது: பச்சையரிசியைச் சிவக்க வறுத்து, முற்றாக ஆறியதும் இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு நிரப்பி, கடதாசிச் சரைகளில் கட்டிய விதைகளை அதன் மேல் வைத்து மூடுங்கள். வறுத்த அரிசி விதையின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரண்டு கிழமையின் பின் விதைகளை வேறு உலர்ந்த போத்தலுக்கு மாற்றி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். பெட்டிக்குள் குளிருடன் ஈரமும் உண்டாதலால், கடதாசிச் சரையை அப்படியே உள்ளே வைத்தால் பயனில்லை. போத்தல் காற்றுப் புகாததாக இருக்க வேண்டும். வெளியே எடுத்தால் உடனே திறக்காதீர்கள். போத்தல் அறைச் சூட்டுக்கு வரும் வரை சில மணி நேரம் பொறுக்காவிட்டால் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த விதையின் மேல் பனித்துவிடும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், சாம்பல் கலந்து மண்பானையில் வாய்கட்டி, வீட்டின் குளிர்ந்த நடு அறையில் வைக்கும் பழைய முறை வண்டைத் தடுப்பதோடு ஓரளவு ஈரத்தையும் தடுக்கும். ஒரு பருவத்திலிருந்து அடுத்த பருவத்துக்கு அது போதும்.

கடையில் கிடைக்காத விதையென்றால்

மேலே சொன்ன 30 வீத எல்லை, அம்மம்மாவின் போத்தலில் கிடைத்த கத்தரிக்கோ, ஊரில் வேறெங்கும் இல்லாத நாட்டுப் பாகலுக்கோ பொருந்தாது. இந்த மாவட்டத்தில் அது வெறும் ஆசைக்கான பேச்சல்ல. 2006 இல் சம்பூரையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல ஆண்டுகள் தம் வளவுக்குத் திரும்ப முடியாமலிருந்தன. ஒவ்வொரு பருவமும் நட்டு எடுத்தால் மட்டுமே நிலைக்கும் விதை, அப்படிப்பட்ட இடைவெளியில் அறுந்துபோகிறது. எங்கேனும் ஒரு சரை மிஞ்சியிருந்தால், அதில் நூற்றுக்கு ஐந்து முளைத்தாலும் அந்த ஐந்தையும் வளர்த்தெடுக்க வேண்டும். பல ஆண்டுகள் வெக்கையில் கிடந்த விதையில் பெரும்பாலும் எதுவும் முளைக்காது என்பதையும் முன்கூட்டியே மனதில் கொள்ளுங்கள்.

அத்தகைய விதையை ஒரே தடவையில் முழுவதும் போடாதீர்கள். பாதியை உலர்த்திக் குளிரில் வைத்துவிட்டு மறுபாதியை நடுங்கள். மழை, எறும்பு, ஆடு என்று ஏதாவது வந்து கெடுத்தாலும் இன்னொரு வாய்ப்பு இருக்கும். முளைத்தவை மெலிந்திருந்தாலும் பிடுங்க வேண்டாம். முதுமை செடியின் தொடக்கத்தை மெலிய வைக்கிறதே தவிர இனத்தின் குணத்தைப் பொதுவாக மாற்றுவதில்லை. தப்பிப் பிழைத்த செடியின் காயிலிருந்து எடுக்கும் விதை மறுபடி முழு வீரியத்துடன் வரும். தக்காளியும் பயிற்றையும் பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்பதால் அவற்றைச் சாதாரணமாக வளர்த்தாலே போதும். பாகல், பூசணி, மிளகாய் போன்றவற்றில் அயல் வளவின் மகரந்தம் தேனீயுடன் வந்துவிடும். மாலையில், மறுநாள் மலரவிருக்கும் ஆண், பெண் பாகல் மொட்டுகளின் வாயை நூலால் கட்டிவைத்து, விடிந்ததும் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் சூலகமுடியில் தடவி, பெண் பூவைத் திரும்பக் கட்டி, காம்பில் வண்ண நூல் ஒன்றால் அடையாளமிடுங்கள். அந்தக் காயைக் கறிக்குப் பறித்துவிடாதபடி வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். அது செடியிலேயே செம்மஞ்சளாகப் பழுத்து வெடிக்கத் தொடங்கும்போது எடுத்து, சிவந்த சதையைக் கழுவி, நிழலில் காயவிட்டு, திகதி எழுதி இரண்டு போத்தல்களில் பிரித்து, ஒன்றை இன்னொரு வீட்டில் கொடுத்து வையுங்கள்.